தடித்த எழுத்தில் ஒரு கணித வினாத்தாள்

வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, உங்களைப் பற்றி எனக்கு ஏற்கெனவே கொஞ்சம் தெரியும். போன கிழமை முதலாளியைப் பார்க்க அச்சகத்துக்கு வந்தபோது, உங்களில் ஒருவர் எழுத்துருப் பட்டியலைத் திறந்துவைத்து, புடைவைக் கடையில் சாரி பார்ப்பதுபோல ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர் "இது வடிவு, இது வடிவில்ல" என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

செங்கலடியில் இந்த அச்சகத்தில் ஓய்வு பெறும்வரை நான் செய்த வேலை கணிதப் பக்கங்களைக் கணினியில் கோப்பது. பல்கலைக்கழகப் பிள்ளைகளின் ஆய்வேடு, பாடசாலைகளின் தவணைப் பரீட்சை வினாத்தாள், டியூசன் ஆசிரியர்களின் கையேடு எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். கலியாணக் கார்ட்டை வேறு ஆட்கள் பார்ப்பார்கள். சமன்பாடு என்றால் "அக்காட்டக் குடுங்க" என்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. என் பக்கங்கள் அழகாக இருக்கும் என்று நானே சொல்லுவேன், மற்றவர்கள் சொல்லும்வரை காத்திருக்க மாட்டேன்.

எந்த விசையை அழுத்தினால் பின்னம் வரும், எதை அழுத்தினால் வர்க்கமூலம் வரும் என்பதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அதை நீங்கள் என்னைவிட வேகமாகச் செய்வீர்கள். ஒரு கணிதப் பக்கத்துக்கு எந்த எழுத்தைத் தெரிவு செய்வது என்று யோசிக்கும்போது யாரை நினைக்க வேண்டும் என்பதைத்தான் சொல்ல நினைக்கிறேன்.

முதலில் ஒரு சின்னக் கதை. நம் பக்கத்தில் இன்னும் பலர் தமிழைப் பழைய எழுத்துருவில்தான் அடிக்கிறார்கள். ஆங்கில எழுத்துக்குத் தமிழ் முகமூடி போட்ட எழுத்துரு அது. கணினிக்குள் கிடப்பது ஆங்கில எழுத்து, கண்ணுக்குத் தெரிவது தமிழ். என்னோடு வேலை செய்த ஒருவர், நல்ல மனிசன், ஆனால் அவசரக்காரன், கணித வினாத்தாள் ஒன்றை முழுக்கத் தெரிவு செய்து ஒரே அமுக்கில் அந்த எழுத்துருவுக்கு மாற்றிவிட்டார். சமன்பாடுகளை அவற்றுக்குரிய பெட்டிக்குள் அடிக்காமல் சாதாரண வரியாக அடித்திருந்தார். x இருந்த இடமெல்லாம் ஒ ஆனது, y இருந்த இடமெல்லாம் ல ஆனது. வினாத்தாளை எடுக்க வந்த குருக்கள்மடத்து ஆசிரியர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது கணக்கா, பேயோட்டுற மந்திரமா?" என்று கேட்டார். நாங்கள் நாலு நாள் சிரித்தோம். அன்றிலிருந்து சமன்பாடு எதுவானாலும் சமன்பாட்டுப் பெட்டிக்குள்தான் இருக்க வேண்டும் என்பது இந்த அச்சகத்தில் சட்டம். அந்தப் பெட்டிக்குள் எல்லா எழுத்துருவும் நுழைய முடியாது. கணிதத்துக்கென்று செய்யப்பட்ட சில மட்டும்தான் போகும். மற்றதைத் தெரிவு செய்தால் அது உங்களைச் சட்டை செய்யாமல் பழையபடியே இருக்கும்.

இனி நான் சொல்ல வந்த கதை.

ஏறாவூரைச் சேர்ந்த ஒரு கணித ஆசிரியை, ஷிபானா டீச்சர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாழைச்சேனைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் உயர்தர வகுப்புக்கு இணைந்த கணிதம் படிப்பித்தார். வயதில் என்னைவிட மிகவும் இளையவர். குரலை உயர்த்தாமல் பேசுவார், ஆனால் பிடித்த பிடியை விட மாட்டார். ஒருநாள் பின்னேரம் ஒரு வினாத்தாளையும் ஒரு பிள்ளையின் விடைத்தாளையும் கொண்டு வந்து என் மேசையில் வைத்தார். வினாத்தாள் வேறெங்கோ அடித்தது. கணினி தானாகக் கொடுக்கும் வழமையான கணித எழுத்து, சின்ன அளவு, மங்கலான பிரதி. விடைத்தாளில் பெரும்பாலும் பிழைக்குப் போடும் சிவப்புப் புள்ளடி.

"அக்கா, இந்தப் புள்ள கல்குடாவில இருந்து வாறவள். மெரினா எண்டு பேர். பிறந்ததில இருந்தே கண் பார்வை குறைவு. இந்த மார்க்ஸப் பார்த்துட்டு அதிபர் சேர் இவளக் கலைப் பிரிவுக்கு மாத்தப் போறார்."

"அவளுக்கு விருப்பமா?"

"கணக்கு இல்லாட்டி வீட்ட இரிக்கன் எண்டு சொல்றாள்."

அதற்கு நான் என்ன செய்ய முடியும் என்று கேட்டேன். அவர் விடைத்தாளைத் திறந்து ஒவ்வொரு பிழையாகக் காட்டினார். அங்கேதான் எனக்கு இந்த டீச்சர் யாரென்று விளங்கியது. சிவப்புப் புள்ளடி போட்டுவிட்டு அவர் நிம்மதியாக நித்திரை கொள்ளவில்லை. ஒவ்வொரு பிழையான விடையில் இருந்தும் பின்னால் நடந்து போய், இந்த விடை வர வேண்டுமென்றால் பிள்ளை எந்த வினாவைப் பார்த்திருக்க வேண்டும் என்று கணக்குச் செய்து பார்த்திருந்தார். ஓரிடத்தில் எழுத்தின் மேல் மூலையில் அடுக்காக வரும் சுட்டியில் இருந்த சின்னக் கழித்தல் குறி அவளுக்குத் தெரியவில்லை. இன்னோரிடத்தில் எழுத்தின் தலைக்கு மேல் இரண்டு புள்ளி, அது வேகம் மாறும் வீதத்தை, ஆர்முடுகலைக் குறிப்பது. அவள் ஒரு புள்ளியைத்தான் கண்டிருக்கிறாள், வேகம் என்று எடுத்து முழுக் கணக்கையும் செய்திருக்கிறாள்.

"இவள் பிழையாச் செய்யல்ல அக்கா. வேற வினாத்தாளச் சரியாச் செஞ்சிரிக்காள்."

ஒரு வகுப்புப் பிள்ளைகளின் விடைத்தாளைத் திருத்துவதே பெரும்பாடு. இல்லாத ஒரு வினாத்தாளை ஒரு பிள்ளைக்காகக் கண்டுபிடித்துத் திருத்திய ஆசிரியரை நான் அன்றுதான் கண்டேன். அவர்மேல் எனக்கு அன்று வந்த மதிப்பு இன்றுவரை குறையவில்லை.

இதையெல்லாம் அவர் அதிபரிடமும் சொல்லியிருந்தார். அதிபர் கெட்டவர் இல்லை. பிள்ளையின் கண்ணையும் கெடுத்து, கடைசியில் பரீட்சையிலும் விழுந்தால் தகப்பனுக்கு யார் பதில் சொல்வது என்று பயந்தார். தகப்பன் கடல் தொழில் செய்கிறவர், பாடசாலை சொல்வதை அப்படியே நம்புகிறவர். கடைசியில் அதிபர் ஒரு தவணை விட்டுக்கொடுத்தார். அடுத்த தவணைப் பரீட்சையில் தேறினால் கணிதத்தில் இருக்கலாம், இல்லாவிட்டால் மாற வேண்டும், பிறகு பேச்சில்லை. அந்த வினாத்தாளை அடிக்கும் வேலையைத்தான் டீச்சர் என்னிடம் கொண்டுவந்தார். மற்றப் பிள்ளைகளுக்கு வழமைபோல ஒன்று, மெரினாவுக்குப் பெரிய எழுத்தில் ஒன்று.

பெரிய எழுத்து என்றால் எனக்கு என்ன கஷ்டம்? அளவை இரட்டிப்பாக்கினால் முடிந்தது என்று நினைத்தேன். பரீட்சை வினாக்களைப் பிள்ளைக்குக் காட்ட முடியாது என்பதால் பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து, எனக்குப் பிடித்த எழுத்துருவில், மெல்லிய கோடும் தடித்த கோடும் மாறி மாறி வரும் சாய்ந்த எழுத்தில், பெரிய தாளில் அடித்து வைத்தேன். சனிக்கிழமை டீச்சர் மெரினாவைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

மெலிந்த பிள்ளை, தடித்த கண்ணாடி, கூச்சமே இல்லாத வாய். தாளை மூக்குக்கு முன்னால் பிடித்தாள். அவள் வாசிக்கும்போது தலை அசையவில்லை, தாள்தான் அசைந்தது. இடது பக்கமாக இழுத்துக்கொண்டே போனாள். வரி நீளமென்பதால் கை எட்டாமல் போய், திரும்பி வரும்போது வேறு வரியில் விழுந்தாள்.

"எப்படி இருக்கு மகள்?" என்று கேட்டேன், பாராட்டை எதிர்பார்த்துக்கொண்டு.

"வடிவா இரிக்கு அன்ரி," என்றாள். "ஆனா எழுத்துப் பெருத்த மாதிரி கோடு பெருக்கல்ல. இந்த எழுத்துக்கு ஒரு பக்கம் தெரியிது, மத்தப் பக்கம் கரைஞ்சு போகுது."

டீச்சர் வாயைப் பொத்திச் சிரித்தார். எனக்கு முகம் சுருங்கியதை அவர் பார்த்திருப்பார்.

நாங்கள் கணிதத்துக்குப் பொருந்தும் எழுத்துருக்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஒரே சமன்பாட்டை அடித்து அவளுக்குக் காட்டினோம். ஒன்றில் கழித்தல் குறி மெலிவு, ஒன்றில் புள்ளிகள் இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன, ஒன்றில் சுட்டி மேலே போய்த் தனியாக நிற்கிறது. இணையத்தில் இருந்து இலவசமாக இறக்கிய ஒன்று இருந்தது. எழுத்தின் கால் நுனியில் கொடுக்கு இல்லை, நெளிவு இல்லை, எல்லாக் கோடும் ஒரே தடிப்பு. உலக்கையை நட்டு வைத்ததுபோல இருக்கும். நான் அதை ஒரு நாளும் பாவித்ததில்லை. பாவிப்பவர்களைப் பற்றி நல்லதாக நினைத்ததும் இல்லை. அந்தத் தாளை அவள் கையில் கொடுத்தேன். ஒரு இழுவையில் வாசித்தாள். கழித்தல் குறி, புள்ளி, பின்னத்துக்குள் பின்னம், ஒன்றையும் விடவில்லை.

"இது போதும் அன்ரி. இன்னும் பெரிசு வேணாம். வரியக் கட்டையாக்கித் தாங்க, அவ்வளவுதான்."

ஆக, பிரச்சினை அளவில் மட்டும் இருக்கவில்லை. சின்னத் தாள், கட்டை வரி, ஒரே தடிப்பான எழுத்து. நான் இத்தனை காலம் படித்ததை அந்தப் பிள்ளை ஒரு காலைப் பொழுதில் தன் கண்ணால் பிரித்துச் சொல்லிவிட்டாள்.

ஆனால் அதோடு ஒரு சிக்கல் வந்தது. கணித அச்சில் காவியை, அதாவது வெக்டரை, தடித்த எழுத்தில் போடுவது வழமை. தடித்த a என்றால் திசையுள்ள காவி, மெல்லிய a என்றால் வெறும் எண். எல்லா எழுத்தும் தடித்திருக்கும் பக்கத்தில் எது காவி, எது எண்? நான் பார்த்தபோது எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. வேறு எழுத்துருவுக்குப் போவோமா என்று டீச்சரைக் கேட்டேன். அவர் சோக்குப் பிடித்ததுபோல விரலால் மேசையில் எழுதிப் பார்த்தார்.

"நான் கரும்பலகையில காவிய எப்பிடி எழுதுறன்? சோக்கால தடிச்சு எழுத ஏலாதுதானே. கீழ ஒரு கோடு இழுக்கன். இவள் என்ட வகுப்பில அதத்தான் காதால கேட்டு எழுதிப் பழகியிரிக்காள், 'கீழ்க்கோட்டு a' எண்டு. அதையே போடுங்க அக்கா."

அச்சில் அப்படிப் போடுவதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு எனக்குள்ளேயே கேட்டுப் பார்த்தேன், ஏன் கூடாது? வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் கையால் அப்படித்தானே எழுதுகிறார்கள். போட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

பரீட்சை வினாக்கள் வந்ததும் இரண்டு வினாத்தாளையும் கோத்தேன். மற்றப் பிள்ளைகளுக்கு என் அழகான சாய்ந்த எழுத்து, மெரினாவுக்குத் தடித்த எழுத்து. இரண்டையும் டீச்சர் பக்கத்தில் இருந்து சரிபார்த்தார். மெரினாவின் தாளை அவர் பார்த்த விதம் வேறு. ஒவ்வொரு குறியிலும் விரலை வைத்து, வாய்விட்டு வாசித்துப் பார்த்தார். அழகான வினாத்தாளை முழு வகுப்புக்கும் அடித்துக் கட்டி வைத்தோம்.

பரீட்சைக்கு முதல் நாள் மத்தியானம் டீச்சர் வினாத்தாள் கட்டை எடுக்க வந்து நின்றபோது, அதிபரும் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி இரண்டு வினாத்தாளையும் கேட்டு வாங்கி மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"டீச்சர், நான் ராவெல்லாம் யோசிச்சன். ஒரு புள்ளைக்கு மட்டும் வேற மாதிரி வினாத்தாள் குடுத்தா நாளைக்கு மத்தப் புள்ளையள்ட தாய் தகப்பன் வந்து நிப்பாங்க. இவட தாள்ல கீழ கோடெல்லாம் போட்டிரிக்கு. கோடு போட்டுக் காட்டிக் குடுத்தது எண்டு சொல்லுவாங்க. தேறினாலும் அந்தப் புள்ளைக்குத்தான் கெட்ட பேர். நான் பொதுவா நிக்கோணும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு பாடுபட்ட பிறகு இப்படியா என்று கேட்க ஆயத்தமானேன். டீச்சர் என்னை முந்திக்கொண்டார்.

"நீங்க சொல்றது சரி சேர்," என்றார்.

நான் திகைத்துப் போனேன். டீச்சர் என் அழகான வினாத்தாளை மெதுவாக ஒரு பக்கம் தள்ளிவிட்டார்.

"அப்ப எல்லாருக்கும் இதையே குடுப்பம்."

பொதுவாக நிற்பதற்கு அதைவிடப் பொதுவான வழி கிடையாது. அதிபர் சட்டைப் பையில் இருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்தார், தாளைப் பார்த்தார், கண்ணாடியைத் திரும்பப் பைக்குள் வைத்தார்.

"எனக்கும் இது கண்ணாடி இல்லாமத் தெரியிது," என்றார். "ஆனா நாளைக்குக் காலமைக்குள்ள ஏலுமா?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள், முதலாளி உட்பட. கட்டி வைத்த கட்டை வீசுவதா என்ற கவலை அவர் முகத்தில் நன்றாகவே தெரிந்தது.

பிள்ளைகளே, இந்த இடத்தைக் கவனமாகக் கேளுங்கள். சரிபார்த்த பிறகு எழுத்துருவைத் தொடக் கூடாது என்பது இந்தத் தொழிலில் முதல் பாடம். எழுத்துரு மாறினால் வரி மாறும், வரி மாறினால் சமன்பாடு நடுவில் உடையும், எங்கோ ஒரு குறி அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். பரீட்சைக்கு முதல் நாள் அதைச் செய்கிறவனுக்கு மூளை இல்லை என்று நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன். என் கை அழகான வினாத்தாளின் கோப்புக்குத்தான் போனது. அதைத் திறந்து, முழுக்கத் தெரிவு செய்து, எழுத்துருவை மாற்றுவது ஒரு நொடி வேலை. அந்த ஒரு நொடியில் எத்தனை இடம் குழம்பும் என்று யாருக்கும் தெரியாது, தேடிப் பார்க்க நேரமும் இல்லை.

கையை எடுத்துவிட்டேன். மெரினாவின் தாளில் டீச்சர் விரல் வைக்காத குறி ஒன்றுகூட இல்லை. அதைவிடக் கவனமாகப் பார்த்த தாள் இந்த அச்சகத்தில் இருந்து வெளியே போனதே இல்லை. அதில் ஒன்றையும் மாற்றாமல், படம் பிடித்ததுபோல அப்படியே சிறிதாக்கி, இரண்டு பக்கத்தை ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் அடித்தால் போதும். ஒரு வரி அசையாது, ஒரு குறி இடம் மாறாது. மெரினாவுக்குப் பெரியது, மற்றவர்களுக்கு அதே தாள் சின்னதாக.

"ஏலும்," என்றேன். "ஆனா தாள் கொஞ்சம் கூடப் போகும்." முதலாளி தாள் எடுக்கப் போனார். நல்ல மனிசன், முணுமுணுத்தது என் காதில் விழவில்லை என்று இன்றுவரை சொல்லி வருகிறேன். அன்று பொழுதுபட முன்னம் புதிய கட்டு டீச்சரின் கையில் இருந்தது.

பரீட்சையன்று நடந்ததை டீச்சர் பிறகு சொன்னார். கணிதப் பரீட்சை தொடங்கினால் கொஞ்ச நேரத்துக்கு மண்டபத்தில் கை உயர்ந்துகொண்டே இருக்கும். டீச்சர், இது மைனஸா, தாளில் தூசா? இது ஒன்றா, எல் எழுத்தா? ஒவ்வொரு மேசையாக ஓட வேண்டியிருக்கும். அன்றைக்கு ஒரு கையும் உயரவில்லை. "எனக்கு அங்க வேலையே இல்ல அக்கா, சும்மா நிண்டன்," என்றார். நல்ல கண் உள்ள பிள்ளைகளும் இத்தனை நாளும் ஊகித்துத்தான் வாசித்திருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் அழகான சாய்ந்த எழுத்தில் இருந்த ஆசை அன்றோடு பாதி போய்விட்டது. மீதியைக் கலியாணக் கார்ட்டுக்கு வைத்துக்கொண்டேன்.

முடிவு வந்த அன்று மெரினா பஸ்ஸில் செங்கலடியில் இறங்கி நேரே அச்சகத்துக்கு வந்தாள். டீச்சர் கூட வரவில்லை, தானே சொல்ல வேண்டும் என்று தனியாக வந்திருக்கிறாள். நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன்.

"என்ன மகள், என்ன சொன்னார் அதிபர்?"

"இஞ்சயே இரி எண்டு சொல்லிட்டார் அன்ரி."

அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். என் கண் கலங்கியது அவளுக்குத் தெரிந்திருக்காது, அல்லது தெரிந்தும் பேசாமல் இருந்திருப்பாள். தேநீர் வாங்கிக் கொடுத்து இருத்தினேன். குடித்துக்கொண்டே விடைத்தாளை எடுத்து என் முன்னால் விரித்தாள். நிறையச் சரி. ஒரு கணக்கில் மட்டும் நீளமாக ஒரு சிவப்புப் புள்ளடி. அவள் அதைத்தான் முதலில் காட்டினாள்.

"இதப் பார்த்துட்டு டீச்சர் முதல்ல பயந்துட்டா. நான் என்னத்தப் பார்த்து எழுதினன் எண்டு தேடித் தேடிப் பார்த்தாவாம். ஒண்டும் இல்ல அன்ரி. நான் வாசிச்சதெல்லாம் சரி. செஞ்சதுதான் பிழை." அவள் முகம் முழுக்கச் சிரித்தாள். "இது என்ட பிழை."